பின்பாரம்

வா மருமவனே, வா. ஞாயித்துக்கெழமையும் அதுவுமா றக்வான டவுன்ல சுத்தாம, இந்த ஏத்தம் ஏறி மாமனைத் தேடி லயத்துக்கு நீ வந்திருக்கன்னா ஒண்ணு பொண்ணு, இல்லாட்டிப் பணம். பொண்ணு எங்கிட்ட இல்ல, இருந்த ரெண்டையும் கட்டிக் குடுத்தாச்சு. அப்ப மத்தது. சரி, உக்காரு. மாமி தேத்தண்ணி ஊத்துறா. சீனியைக் கோப்பையில போட மாட்டா, உள்ளங்கையில வைப்பா. நக்கி நக்கிக் குடி. விலைவாசி அப்படி.

என்னா அது போன்ல? மஞ்சக் கலர்ல யானைக்குட்டி மாதிரி நிக்கிது? ஓ, லோடர். கரண்டுல ஓடுதா! பொகை இல்ல, சத்தம் இல்ல, டீசல் இல்ல. உன்னைய மாதிரியே சாப்புட்டுட்டு சத்தமில்லாம படுக்குற சாதி.

அதுல உனக்கு என்னா குழப்பம்? டீசல் லோடர் பதினேழு பதினெட்டு டன், இது இருபது டன்னை ஒட்டி நிக்கிதுங்கிற. டீக்கடையில ஒருத்தன், கனம் கூடுனா வண்டி இழுக்காது, பேட்டரி சீக்கிரம் செத்துரும்னு சொன்னானாக்கும். இன்னொருத்தன், கனம் இருந்தாத்தான் மண்ணுல பல்லு இறங்கும்னானாக்கும். ரெண்டு பேருக்கும் நடுவுல நீ முழிச்சுக்கிட்டு நின்ன. ரெண்டு பேரும் லோடர் ஓட்டுனவனுங்களா? இல்ல. ஒருத்தன் லொட்டரி விக்கிறவன், மத்தவன் அதை வாங்குறவன். சரியான சபைதான்.

கேளு. கனத்தைப் பத்தி நம்ம ஆளுகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். நாமெல்லாம் தராசு முன்னால வயசானவங்க. உங்க அம்மாச்சி மழையில நனைஞ்ச கொழுந்தை முதுகுல சுமந்துக்கிட்டு மடுவத்துக்கு வருவா. தராசு முள்ளு இருபதுல நிக்கும். சாக்குக்கு ரெண்டு, தண்ணிக்கு ரெண்டுன்னு கழிச்சு, துண்டுல பதினாறுன்னு எழுதிக் குடுப்பாங்க. எந்தத் தோட்டம்னு கேக்காத, ஊரு பேரு சொன்னா மனசு கசக்கும். ஆனா கெழவி ஒண்ணு சொல்லுவா. முதுகுல இருபது, துண்டுல பதினாறு, அப்ப அந்த நாலு கிலோ யாரு தலையில ஏறுச்சுன்னு கேப்பா. கனம் எவ்வளவுன்னு கேக்கிறவன் கணக்கப்பிள்ளை. கனம் எங்க போயி உக்காருதுன்னு கேக்கிறவந்தான் சுமக்கிறவன். நீ வாங்கப் போறது சுமக்கிற வண்டி. அதனால ரெண்டாவது கேள்வியைக் கேளு.

புளுத்தோட்ட வளைவுல மழை நாள்ல பஸ்ல போயிருக்கியா? டெனியாயப் பக்கம் ஏறுற ரோடு. நான் சின்னப் பயலா இருக்கிறப்ப ஒரு தடவை, வளைவுல ஏற மாட்டாம பஸ்சோட பின் சக்கரம் அந்தரத்துல சுத்துன மாதிரி சுத்துது. ரப்பர் கருகுற நாத்தம். டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க சேறு தெறிக்கிதே தவிர வண்டி நகரல. கண்டக்டர் என்னா செஞ்சான்னு நெனைக்கிற? ஆளுகளை எறக்கி விட்டு வண்டியை இலேசாக்குனானா? இல்ல. "பஸ்ஸட்ட யன்ன, பஸ்ஸட்ட யன்ன"ன்னு சிங்களத்துல கத்தி, முன்னாடி நின்ன அத்தனை பேரையும் பின்னாடி தள்ளுனான். ஒரு ஆள் கூட எறங்கல, ஒரு கிலோ கூடக் குறையல. ஆனா பின் சக்கரம் மண்ணைக் கவ்விக்கிச்சு, பஸ் ஏறிருச்சு. அதே கனந்தான், எடந்தான் மாறுச்சு. டீக்கடைச் சபை ரெண்டு பேரையும் அந்த பஸ்ல ஏத்தி விட்டிருந்தா அன்னைக்கே வழக்கு தீர்ந்திருக்கும்.

உன் லோடருக்கு நாலு சக்கரமும் இழுக்கிற சக்கரம். அதனால எந்தப் பக்கம் கனம் இருந்தாலும் பிடிப்புக்கு உதவும். ஈரக் களிமண்ல ரப்பர் டயர், தன் மேல ஏறியிருக்கிற கனத்துல நூத்துக்கு நாப்பத்தஞ்சு பங்கு அளவுக்குத்தான் தள்ள முடியும்னு மண்வேலைக்காரங்க ஒரு உத்தேசக் கணக்கு வச்சிருக்காங்க. பதினேழரை டன் வண்டின்னா எட்டு டன்னுக்குக் கொஞ்சம் கீழ. இருபது டன் வண்டின்னா ஒம்பது டன். அதுக்கு மேல மோட்டார் எம்புட்டு முறுக்குனாலும் சக்கரம் சும்மா சுத்தும். கரண்டு மோட்டார் நின்ன எடத்துலயே முழு முறுக்கையும் குடுக்கிற சாதி, டீசல் எஞ்சின் மாதிரி உறுமிக்கிட்டு மெதுவா ஏறாது. அவ்வளவு பலத்துக்கு இலேசான உடம்பு இருந்தா என்னா ஆகும்? கல்யாண வீட்டுல புது மாப்பிள்ளை பைலா ஆடுன மாதிரி எடத்துலயே ஆடும். வேலை நடக்காது, டயர்தான் தேயும். அதனால கனம் கூடுனா வண்டி இழுக்காதுன்னவன், வாளி மண்ணுல முட்டுற எடத்துல தோத்தான்.

சிரிக்காத. மத்தவன் ஜெயிச்சான்னு நான் இன்னும் சொல்லல.

அப்புறம் தூக்கிற விசயம். எங்க தாத்தா காலத்துல மாட்டு வண்டியில பாரம் ஏத்துறப்ப முன்பாரம், பின்பாரம்னு ஒரு கணக்கு இருந்துச்சு. முன்பாரம் ஏறுனா நுகம் அமுங்கி மாட்டுக் கழுத்து புண்ணாகும். பின்பாரம் ஏறுனா நுகம் மேல தூக்கி மாட்டைக் கழுத்துக் கயிறு நெரிக்கும். மூட்டையை அங்கிட்டு ரெண்டு சாண், இங்கிட்டு ரெண்டு சாண் நகத்தி வச்சுத்தான் வண்டியைப் பூட்டுவாங்க. லோடரும் அதே மாட்டு வண்டிதான், மாட்டை மட்டும் அவுத்து விட்டாச்சு. முன் சக்கரந்தான் அச்சு. அதுக்கு முன்னாடி வாளியில மண்ணு, பின்னாடி எஞ்சினும் இரும்புப் பாளமும். வாளிப் பக்கம் ஜெயிச்சா பின் சக்கரம் மேல எந்திரிக்கும், வண்டி மூக்குக் குத்தும். அதுக்குத்தான் டீசல் லோடருக்குப் பின்னாடி குண்டியில வார்ப்பிரும்பைக் கட்டித் தொங்க விட்டிருக்கான். அது ஓடாது, எரியாது, சும்மா உக்காந்து சம்பளம் வாங்குற பெரியவர் மாதிரி. ஆனா அவரு இல்லாட்டி வண்டி கவுந்துரும்.

இதுக்கு உலகம் பூராவும் ஒரு சட்டம் வச்சிருக்காங்க, ஐ.எஸ்.ஓ. 14397னு பேரு. லோடரை இடுப்பு முழுசா வளைச்சு நிப்பாட்டி, வாளியில பாரத்தை ஏத்திக்கிட்டே போயி, எந்தப் பாரத்துல பின் சக்கரம் எந்திரிக்கிதுன்னு பாக்கணும். சக்கர வண்டின்னா அந்தப் பாரத்துல பாதி, செயின் வண்டின்னா நூத்துக்கு முப்பத்தஞ்சு. அதுதான் நீ தூக்கலாம். பத்து டன்ல கவிழும்னா அஞ்சு டன்னுதான் உன் உரிமை. முடியும்கிறதுக்கும் செய்யலாம்கிறதுக்கும் நடுவுல பாதியை விட்டு வச்சிருக்கான் பாரு, அவன் ரொம்ப அனுபவசாலி. இந்தப் பாதிக் கணக்கை மனசுல போட்டு வையி, கடைசியில உங்கிட்டக் கேப்பேன்.

இப்ப கரண்டு வண்டிக்கு வா. சீனத்துல இந்த அஞ்சு டன் வாளி லோடர்களுக்கு 282 யூனிட்டு, 350 யூனிட்டுன்னு பேட்டரி போடுறாங்க. ஒரு கிலோ பேட்டரியில ஒரு யூனிட்டுல ஏறத்தாழ ஏழுல ஒரு பங்குதான் அடங்கும். 350 யூனிட்டுக்கு ரெண்டே கால், ரெண்டரை டன் ஆகும். அந்த ரெண்டரை டன்னை எங்க வச்சிருக்கான்? எஞ்சின் கெடந்த எடத்துல, பின்னாடி. அப்ப அது பின்பாரந்தானே? வார்ப்பிரும்புப் பெரியவர் செய்யிற வேலையை இது செய்யிது, கூடவே வண்டியையும் ஓட்டுது. பென்சன் வாங்கிக்கிட்டே வேலைக்கும் போற ஆளு மாதிரி. அதனால கனம் ரெண்டரை டன் கூடிருச்சேன்னு வயித்துல அடிச்சுக்க வேணாம்.

நம்புறது கஷ்டமா இருக்கா? நான் கண்ணால பாத்ததைச் சொல்லுறேன். வாலிப வயசுல கொழும்புல ஒரு தேயிலை ஸ்டோர்ல மூட்டை தூக்கப் போனேன். அங்க ஃபோர்க்லிஃப்ட் எல்லாம் அப்பவே பேட்டரிதான். என்னா காரணம்? தேயிலைக்கு மூக்கு ஜாஸ்தி, பக்கத்துல என்னா வாசம் அடிச்சாலும் இழுத்துக்கும். டீசல் பொகை பட்ட தேயிலையை யாரு வாங்குவா? அதனால ஈயப் பேட்டரி. அலமாரி மாதிரி ஒரு பெட்டி, ஒரு டன்னை ஒட்டிக் கனம். அதைக் கழத்த ஒரு தனிச் சங்கிலிக் கப்பி வேணும். நான் ஒரு நாள் அங்கிருந்த மெக்கானிக்கிட்டக் கேட்டேன், ஏன் அண்ணே, இவ்வளவு கனத்தைச் சுமந்துக்கிட்டு அலையுதே பாவம்னு. அந்தாளு சிரிச்சாரு. "அது பேட்டரி மட்டும் இல்லடா, நங்கூரம். அதைக் கழத்திட்டு முன்னாடி ஒரு பெட்டி தேயிலை தூக்கிப் பாரு, வண்டி உன்னைக் கும்புடும்"னாரு.

பின்னாடி காலத்துல லித்தியம் வந்துச்சு. அதே பலத்துக்குக் கனம் ரொம்பக் கொறைவு. எல்லாருக்கும் சந்தோசம். ஆனா ஃபோர்க்லிஃப்ட் தகட்டுல, பேட்டரி இத்தனை கிலோவுக்குக் கொறையக் கூடாதுன்னு எழுதியிருக்கும். அதனால பழைய வண்டிக்கு லித்தியம் மாத்துறவன் என்னா செய்வான்? காலியான எடத்துல இரும்புத் தகட்டை அடுக்கி, போன கனத்தைத் திரும்பக் கொண்டு வந்து வைப்பான். காசு குடுத்துக் கனத்தைக் கொறைச்சு, காசு குடுத்துக் கனத்தைக் கூட்டுறது. நம்ம ஊருல வயித்தைக் கொறைக்க மருந்து சாப்புட்டுட்டு, மருந்து கசக்குதுன்னு லட்டு சாப்புடுவானே, அவனை மாதிரி இல்ல இது. இது புத்தியோட செஞ்ச காரியம்.

இன்னொரு வேடிக்கை. பேட்டரிக்குள்ள ஒரு பக்கத் தகட்டுல பூசியிருக்கிறது காரீயம், பென்சிலுக்குள்ள இருக்கிற சாமான். நம்ம சப்ரகமுவையிலயே, கேகாலைப் பக்கம் போகலயில பூமிக்கடியில அதைத்தான் தலைமுறை தலைமுறையாத் தோண்டுறாங்க. நரம்பு நரம்பா ஓடுற சுத்தமான காரீயத்துக்கு நம்ம நாடு உலகத்துலயே பேர் போனது. காரீயம் நம்ம மலையில, பேட்டரி சீனத்துல, கடன் உன் தலையில. நல்ல பங்கு பிரிப்பு.

சரி, இவ்வளவு நேரம் கனத்துக்கு வக்காலத்து வாங்குனேன். இப்ப அந்தப் பக்கம் திரும்பி உக்காரு.

அஞ்சு டன் மண்ணை டிப்பர்ல கொட்டுறதுக்கு இருபது டன் வண்டி முன்னாடி போகுது, பின்னாடி வருது, திரும்பி முன்னாடி போகுது. தன் உடம்பைச் சுமந்து அலையிறதுலயே நெறையச் சாப்பாடு போகும். இது உண்மை. ஆனா நீ பயந்த அந்த ரெண்டரை டன்னுக்கு மட்டும் தனியாக் கணக்குப் பாரு. ரெண்டரை டன்னை நூறு மீட்டர் உசரத்துக்கு, அதாவது இந்த லயத்துல இருந்து மேல கோயில் மேடு வரைக்கும்னு வையி, தூக்கிட்டுப் போக முக்கால் யூனிட்டு கூட வேணாம். மோட்டார்ல வீணாப் போறதைச் சேத்தாலும் ஒரு யூனிட்டுக்குள்ள அடங்கிரும். எறங்குறப்ப மோட்டாரே பிரேக்காகி அதுல ஒரு பங்கைத் திரும்பப் பேட்டரிக்குள்ள போடும். 350 யூனிட்டு வயித்துக்கு இது தேத்தண்ணிக்குச் சீனி மாதிரி. பேட்டரி சீக்கிரம் செத்துரும்னவன் கூட்டத் தெரியாதவன்.

ஆனா ஒண்ணு. டீசல் வண்டி வேலை செய்யச் செய்ய இலேசாகும். காலையில எரநூத்தம்பது லிட்டர் ஊத்துனா எரநூறு கிலோவுக்கு மேல கனம், சாயங்காலம் அது ஆவியாப் போயிருக்கும். பேட்டரி அப்படி இல்ல. காலையில நெறைஞ்சு நிக்கிறப்ப என்னா கனமோ, சாயங்காலம் சொட்டுக் கூட இல்லாம படுத்துக் கெடக்கிறப்பவும் அதே கனம். சாப்புட்டதும் போற விருந்தாளி டீசல். சாப்பாடு தீந்தாலும் திண்ணையில உக்காந்திருக்கிற விருந்தாளி பேட்டரி. யாரைச் சொல்லுறேன்னு உனக்கே தெரியும்.

இப்பத்தான் முக்கியமான எடத்துக்கு வர்றேன். கனத்தோட பகை வண்டியில இல்ல, பேட்டரியில இல்ல. தரையில இருக்கு.

இறுகுன ரோட்டுல ஒரு டன் வண்டியை உருட்ட இருபது கிலோ இழுவை போதும். டயர் மண்ணுல ஒரு சென்டிமீட்டர் புதைஞ்சா டன்னுக்கு ஆறு கிலோ கூடும். இதுவும் மண்வேலைக்காரங்க கணக்குத்தான். உன் இருபது டன் வண்டி தார் ரோட்டுல நானூறு கிலோ இழுவையில ஓடும். நம்ம பழைய றப்பர் மலைப் பக்கம், மழை பேஞ்ச மறுநாள், பத்து சென்டிமீட்டர் புதையுதுன்னு வையி. ஆயிரத்தி அறுநூறு கிலோ! நாலு மடங்கு. தட்டையான நெலத்துல நிக்கிற வண்டி, நூறு அடிக்கு ஆறு அடி ஏத்தத்துல நிக்கிற பாடு படும். மோட்டார் அழும், பேட்டரி கரையும். அப்ப நீ மோட்டாரைத் திட்டுவ, கம்பெனிக்காரனைத் திட்டுவ, டீக்கடையில போயி கனம் கூடுன வண்டி வேலைக்கு ஆகாதுன்னு நீயே ஒரு சபை கூட்டுவ. தப்பு வண்டி மேல இல்ல. எருமையைக் கொண்டு போயி ஈரத் தார் மேல நிப்பாட்டுனவன் மேல.

நாட்டுக்காரர் வயல்ல போருவ ஓட்டுறதைப் பாத்திருக்கியா? எருமைக்குப் பின்னாடி பலகையைக் கட்டி, மண்ணைச் சமனாக்க அது மேல ஆளு ஏறி நிப்பான். ஆளு நின்னாத்தான் பலகை மண்ணை அமுக்கும். ஆனா அந்தப் பலகை மேல யாரும் குடும்பத்தோட ஏறி நிக்கிறதில்ல. ஏன்? பலகை புதைஞ்சா எருமை படுத்துரும். அந்தக் கெழவனுக்கு ஐ.எஸ்.ஓ. தெரியாது, ஆனா எந்த ஈரத்துக்கு எத்தனை கிலோ ஆளு ஏறணும்னு காலால தெரியும். நீயும் வேலைக்குப் போற எடத்துல மொதல்ல செருப்பைக் கழத்திட்டு நடந்து பாரு. உன் குதிகால் புதையிற எடத்துல இருபது டன் என்னா செய்யும்னு உன் குதிகாலே சொல்லும். டயரை அகலமாப் போடு, ஏத்தத்துல கல்லைக் கொட்டு, இல்லாட்டி வெயில் வர்ற வரைக்கும் பொறு. வண்டியில கனத்தைக் கொறைக்க முடியாது, தரையில ஏறுற அழுத்தத்தைக் கொறைக்கலாம்.

அடுத்தது பாலம். நம்ம தோட்டத்து ரோட்டுப் பாலங்களைக் குனிஞ்சு அடியில பாத்திருக்கியா? நான் மீன் பிடிக்கப் போயிப் பாத்திருக்கேன். கருங்கல்லை அடுக்கி, மேல ரெண்டு இரும்புத் தூலம். கொழுந்து லாரி போறதுக்குப் போட்டது, உன் யானைக்குட்டிக்குப் போட்டதில்ல. டீசல் வண்டி தாண்டுச்சே, இதுவும் தாண்டும்னு சொல்லாத. கடைசியா ஏறுற கொழுந்துச் சாக்குதான் சாக்குக்காரனுக்கு முதுகு வலி. ரெண்டரை டன் மோட்டாருக்கு ஒண்ணுமே இல்ல, ஆனா துருப்புடிச்ச தூலத்துக்கு அது கடைசிச் சாக்கு.

அதுக்கப்புறம் மாணிக்கக் குழி. நீ சொல்லாட்டியும் எனக்குத் தெரியும், உன் ஆசை ரோட்டு வேலையில இல்ல, குழி வேலையில. ஜெம் முதலாளிமாரு எடத்துல மண்ணு அள்ளுனா நாள் கூலியோட கல்லுலயும் பங்கு கெடைக்கும்னு கனவு. மொதல்ல, மெசின் வச்சுத் தோண்டுறதுக்குத் தேசிய மாணிக்கக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையோட அனுமதிப்பத்திரம் வேணும். 1993ல சட்டம் போட்டு அமைச்ச சபை. அது இருக்கான்னு முதலாளிகிட்ட வாய்க் கேள்வியாக் கேக்காத, காகிதத்தைக் கையில வாங்கிப் பாரு. ரெண்டாவது, கையால வெட்டுற குழிக்கு நாலு பக்கமும் மரக்கட்டை குடுத்து, இடுக்குல கெக்கில்லச் செடியைத் திணிச்சு, மண்ணு சரியாம வச்சிருப்பாங்க. அந்தக் கட்டை பக்கத்து மண்ணோட கனத்துக்குக் குடுத்தது. அந்த ஓரத்துல இருபது டன்னைக் கொண்டு போயி நிப்பாட்டுனா கட்டை தாங்காது. கீழ நிக்கிறவன் வீட்டுக்கு யாரு போயி பதில் சொல்லுறது? பழைய குழியை மூடாம விட்ட எடமும் இங்க ஏராளம், மேல புல்லு முளைச்சு மைதானம் மாதிரி இருக்கும். அதுல கரண்டு வண்டியும் ஒண்ணுதான், டீசல் வண்டியும் ஒண்ணுதான். கனம் கூடுனது முந்திப் போகும்.

மலைச் சரிவு பத்தி நான் சொல்ல வேணாம். மண்ணு சரிஞ்ச 2003 மே மாசத்தையும் 2017 மே மாசத்தையும் இந்த இரத்தினபுரி மாவட்டத்துல யாரும் மறக்க மாட்டாங்க. மழை ஊறுன மலையோட தலையில கனத்தை ஏத்துறதும், காலடியில மண்ணைத் தோண்டி எடுக்கிறதும் ரெண்டும் ஒரே பாவந்தான். லோடர்காரன் ரெண்டையும் ஒரே நாள்ல செய்யக் கூடியவன். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புன்னு எச்சரிக்கை குடுக்கிறாங்களே, அது ரேடியோவுல பாட்டுக்கு நடுவுல வர்ற விளம்பரம் இல்ல. மஞ்சள்னா வண்டியைச் சரிவுல இருந்து எறக்கு. செம்மஞ்சள், சிவப்புன்னா வண்டியை மறந்துட்டு நீ எறங்கு.

இன்னொண்ணு, இந்த யானைக்கு எங்க சோறு போடுவ? நம்ம லயத்துக் கரண்டு முப்பது அம்பியர். அதுல 350 யூனிட்டு ஏத்த அம்பது மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் மாமி கேத்தல் போட முடியாது, சண்டை வரும். அறுபது கிலோவாட் சார்ஜர்னா ஆறு மணி நேரத்துல நெறையும், அதுக்கு மூணு பேஸ் லைன் இழுக்கணும், காசு கட்டணும். டீசல் வேணாம்னு நீ ஏன் நெனைச்சன்னு எனக்குப் புரியிது. 2022ல டீசலுக்குக் கான் தூக்கிக்கிட்டு செட்டுல நாள்கணக்கா நின்னவன் நீ. ஆனா அதே வருசம் மார்ச் கடைசியில பதிமூணு மணி நேரம் கரண்டை வெட்டுனதும் ஞாபகம் இருக்கட்டும். 2025 பெப்ரவரி 9ல பாணந்துறை உப மின்நிலையத்துல ஒரே ஒரு குரங்கு கை வச்சு நாடு பூரா இருட்டாச்சு. குரங்குக்கு என்னா கனம் இருக்கும்? அஞ்சு கிலோ, ஆறு கிலோ. பாத்தியா, எடம் சரியா அமைஞ்சா அஞ்சு கிலோ நாட்டையே கவுத்துரும். நான் காலையில இருந்து சொல்லுறது இதுதான்.

சரி, தேத்தண்ணி ஆறுது, குடி. குடிச்சுக்கிட்டே இதையும் கேளு. கல்லுக் கழுவுறதைக் கிட்ட நின்னு பாத்திருக்கியா? குழிக்கு அடியில இருந்து வர்ற சரளையை இல்லம்னு சொல்லுவாங்க. சிங்களச் சொல்லுதான், ஆனா நம்ம தமிழ்ல வீடுன்னு அர்த்தம் வருது பாரு, கல்லோட வீடு. அதைக் கூடையில போட்டு இடுப்பளவு தண்ணியில நின்னு சுத்துவான் கழுவுறவன். வேகமாச் சுத்த மாட்டான், உன்னைய மாதிரி அவசரப்பட மாட்டான். ஒரு சுத்து, ஒரு சின்னக் குலுக்கு. களிமண்ணு கரைஞ்சு போயிரும், வெள்ளைக் கல்லு மேல வந்து விளிம்பு தாண்டி வழியும். அது தண்ணியை விட ரெண்டரை மடங்கு சொச்சம் கனம். நீலக்கல்லு நாலு மடங்கு. அதனால அது கூடையோட அடியில, நடுவுல போயி உக்காந்துக்கும். கடைசியில கூடையைச் சூரியனுக்கு நேரா சாய்ச்சு, கைப்பிடி அளவு கறுப்புச் சரளையில விரலை ஓட்டித் தேடுவான். கனம் இல்லாட்டி அந்த நீலக்கல்லும் தண்ணியோட போயிருக்கும். ஆனா கூடைக்குள்ள சுத்தச் சுத்தத்தான் அதுக்குக் கனம்னு தெரியும். கரையில குமிச்சு வச்சிருக்கிறப்ப எல்லாக் கல்லும் வெறும் கல்லுதான்.

அதனால போன்ல இருக்கிற அந்தத் தாளைப் பாத்து முடிவெடுக்காத. மூணு நாளு வேலை எடத்துக்கு அந்த வண்டியைக் கேளு. உன் மண்ணுல, உன் மழையில, உன் டிப்பருக்கு அள்ளச் சொல்லு. சக்கரம் சும்மா சுத்துதா, எவ்வளவு புதையுது, பன்னெண்டு மணிக்குப் பேட்டரியில எத்தனை மிச்சம்னு குறிச்சு வையி. டீசல் வண்டியையும் பக்கத்துல விட்டு அதே மாதிரி குறிச்சு வையி. இறுகுன முற்றம், கல்லுக் குவாரி, ஸ்டோர் வாசல், நாள் முழுக்க ஒரே எடத்துல டிப்பருக்கு அள்ளுற வேலைன்னா கரண்டு வண்டியோட கனம் உனக்குக் கூலி இல்லாத வேலையாள். ஊறுன மலை, பழைய பாலம், குழி ஓரம்னா அதே கனம் உனக்குச் சம்பந்தி வீட்டு விருந்தாளி.

என்னா, எந்திரிக்கிற? இன்னும் என்னமோ சட்டைப் பையில வச்சுத் தடவிக்கிட்டே இருக்கியே, எடு. வெளிய எடு. ம்… லீசிங் கம்பெனிக் காகிதம். ரெண்டு பிணை வேணுமா? ஒருத்தரு யாரு, உங்க சித்தப்பாவா? மத்தது நானா?

அப்படிச் சொல்லு! வெள்ளாமை பாக்க வந்த மாதிரி வந்து, வரப்பு ஓரமா வந்து நிக்கிறான் பாரு. காலையில இருந்து கனம், கனம்னு கேட்டதெல்லாம் இதுக்குத்தானா? லோடருக்குப் பின்பாரம் பேட்டரி. உனக்குப் பின்பாரம் மாமன். சரியாத்தான் யோசிச்சிருக்க. வார்ப்பிரும்பு மாதிரி ஓடாம, எரியாம, பின்னாடி தொங்கிக்கிட்டு இருக்கிற ஆளு நானு. நல்லாக் கண்டுபிடிச்ச.

போடுறேன், கையெழுத்துப் போடுறேன். ஆனா அந்தப் பாதிக் கணக்கு ஞாபகம் இருக்கா? வேலை கொறஞ்ச மாசத்துல, மழை மாசத்துல, வண்டி படுத்த மாசத்துல கையில என்னா மிஞ்சும்னு பாரு. எவ்வளவு தவணை கட்டுனா குடும்பம் மூக்குக் குத்தும்னு பாரு. அதுல பாதிதான் உன் தவணை. அதுக்கு மேல ஒரு ரூவா இருந்தாலும் நான் பேனாவைத் தொட மாட்டேன். கம்பெனிக்காரன் முடியும்னு சொல்லுவான். முடியும், ஆனா செய்யக் கூடாது. இடுப்பை முழுசா வளைச்சு நின்னு சொல்லு, நேரா நின்னு சொல்லாத. நேரா நிக்கிறப்ப எல்லாருக்கும் பலம் இருக்கும்.

இன்னொண்ணும் கேட்டுட்டு வா. போன கெழமை ஆஸ்பத்திரியில நிறுத்தாங்க, நான் அம்பத்திரண்டு கிலோ. அதுல செருப்பும் வெத்தலைப் பையும் சேத்தி. இருபது டன்னுக்கு இந்தப் பின்பாரம் போதுமான்னு அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட ஒரு வார்த்தை கேளு. சாக்குக்கு ரெண்டு கழிச்சுக்கிட்டுச் சொல்லச் சொல்லு.